ஏழில் செவ்வாய் வைத்த போன்

புத்தூர் பஞ்சலிங்கத்திடம் ஒரு பேனை கூடக் கிடையாது. அவன் கலியாணத் தரகன். வயது ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் கலியாண வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவனைத் தெரியும். விலாசம் எழுதப் பேனை இருக்கிறதா என்று கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவான். பைக்குள் இருப்பது போன்.

"எல்லாம் இதுக்குள்ளைதான் அக்கா," என்பான்.

அந்தப் போனின் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. வெடிப்பின் மேல் ஒட்டுநாடா. மின்சாரம் அரை நாளைக்கும் நிற்காது என்பதால், பற்றரிப் பெட்டி ஒன்றை வயரால் பொருத்தி, நோயாளிக்குச் சேலைன் ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டே திரிவான். மாப்பிள்ளைகளும் பெண்களும் அவர்களுடைய சாதகங்களும் அதற்குள்தான். அவன் வளர்க்கும் ஆடுகளின் படங்களும், காலை வணக்கம் சொல்லும் தாமரைப் பூக்களும் அதே இடத்தில்தான். ஒருமுறை சங்கானையில் மாப்பிள்ளையின் படம் காட்டப் போய், விரலைத் தவறான பக்கம் தள்ளிக் கிடாயைக் காட்டிவிட்டான். பெண்ணின் தகப்பன் அன்று கண்ணாடி போட்டிருக்கவில்லை. "தாடி கொஞ்சம் கூடவோ?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தவனும் பஞ்சலிங்கம்தான். வெட்கம் அவனுக்குக் குறைவு.

சோம்பேறி அல்ல, அதையும் எழுத வேண்டும். இருபத்திரண்டு வயதில், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில், வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்குப் போனவன். மூன்று தரம் ஏஜென்சிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று தரமும் திரும்பி வந்தான். பதினான்கு வருடம் லொட்ஜ் அறைகளில் கழிந்தது. போர் முடிந்தபின் வெறுங்கையோடு ஊருக்கு வந்தவனை, லொட்ஜில் கூட இருந்து எப்படியோ கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் மறக்கவில்லை. தம்பிக்கு ஊரில் பெண் பார், மச்சாளுக்கு மாப்பிள்ளை பார் என்று அழைத்தார்கள். அப்படித்தான் தரகனானான். அவர்களில் ஒருவர் தான் பாவித்த போனைக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு இது மூன்றாவது போன். கொம்பியூட்டர் ஒன்று வாங்கு, பெரிய திரையில் ஒழுங்காக அடுக்கி வை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

"கொம்பியூட்டரை மோட்டார்சைக்கிளிலை கட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் போகேலுமே? அதிலை செய்யிற எல்லாம் இதிலை செய்யலாம்," என்பது அவனுடைய நிலையான பதில்.

சாதகம் கணிப்பதும் அதில்தான். முன்பு நீர்வேலியில் இருக்கிற சாத்திரியாரிடம் போவான். அவர் கொப்பியில் எழுதித் தர இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். இப்போது பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் ஒற்றை விரலால் தட்டுவான். கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்பது பக்கச் சாதகம் வந்துவிடும். உடனே நாற்பது பேருக்கு அனுப்பிவிடுவான். சாத்திரியார் மனிசன், பிழை விடுவார், போன் விடாது என்று வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்தான். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். மனிதர் எழுதினால் நூறு கேள்வி கேட்பார்கள். திரையில் எழுத்து வந்தால் கேட்கமாட்டார்கள்.

எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. நோயாளர் பராமரிப்புப் படித்து, பிரசவ விடுதிகளில் உதவியாளராக இருந்து, இப்போது எழுபது வயதில் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறேன். ஒரே நிமிடத்தில் இரண்டு கட்டில்களில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று டொக்டராகவும் மற்றது கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவனாகவும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர் நம்புகிறது. ஊர் நம்புகிற ஒன்றைத் தொழிலாகச் செய்பவன் அதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

அவன் செய்த பிழை சண்டிலிப்பாயில் ஒரு வீட்டில்தான் என் கையில் அகப்பட்டது.

அந்த வீட்டு யோகாம்பிகைக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கட்டுவேன். கணவர் இல்லை. ஒரே மகள் தர்சினிக்கு இருபத்தேழு வயது, மருந்துக்கடையில் வேலை. உடுப்பிட்டியில் நில அளவையாளராக இருக்கும் சயந்தனைப் பஞ்சலிங்கம்தான் பேசிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. இரண்டு வீட்டுக்கும் தெரிய இரண்டு மாதம் போனில் கதைத்தார்கள். பிறகு பையனின் தாய் சிவக்கொழுந்து, பஞ்சலிங்கம் அனுப்பியிருந்த சாதகத்தை அச்செடுத்துப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெண்ணுக்கு ஏழில் செவ்வாய், புருஷனுக்கு ஆகாது. வேண்டாம்.

சயந்தன் காணி அளக்கிறவர். எல்லையில் ஓர் அங்குலம் பிசகினால் ஊரையே கூட்டுவார். தாய்க்கு முன்னால் மட்டும் வாய் திறக்க வரவில்லை. "அம்மா சம்மதிச்சால்..." என்று இழுத்திருக்கிறார். தர்சினி அழவில்லை. மருந்துக்கடைக்குப் போய் வந்தாள். சாப்பாட்டைத்தான் பாதியில் வைத்தாள். இன்னும் ஒரு மாதத்துக்குள் உடுப்பிட்டியில் வேறு பெண் பேசிவிடுவார்கள் என்று பஞ்சலிங்கமே சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த வேறு பெண்ணும் அவனுடைய போனுக்குள் இருந்தவள்தான்.

உடுப்பிட்டியிலிருந்து திருப்பி அனுப்பிய அந்தச் சாதகத்தின் அச்சுத்தாள்கள் யோகாம்பிகையின் மருந்துப் பெட்டிக்குக் கீழே மூன்று வாரமாகக் கிடந்தன. அவற்றின் மேல்தான் நான் கத்தரிக்கோலை வைத்து வந்தேன். ஒருநாள் மருந்து சிந்தியது. துடைப்பதற்காக மேல்தாளை எடுத்தேன். பிறந்த நேரம் பிற்பகல் 4.50 என்றிருந்தது. அது சரி. 1998 புரட்டாசிச் சனிக்கிழமை, மல்லாவியில், அந்த நேரத்தைத் துண்டில் எழுதி யோகாம்பிகையின் கையில் கொடுத்தவளே நான்தான். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போயிருந்த காலம். பிரசவ விடுதியில் நானும் ஒருத்தி. பிறந்த நேரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, இன்னொரு வரி இருந்தது. நேர வலயம்: +6.00.

"பிள்ளை, ஒருக்கா இதை வாசி," என்று தர்சினியிடம் கொடுத்தேன். "ஆறோ, அஞ்சரையோ?"

"ஆறு. ஏன் அன்ரி?"

ஏன் என்று நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூற்றாறில் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். பத்து வருடம் அப்படியே இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் புது நேரம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் தள்ளவில்லை. அங்கே பழைய நேரம்தான். ஓமந்தையைக் கடந்து வருபவர்கள் கைக்கடிகாரத்தைத் திருப்புவார்கள். போனுக்குத் தெரிந்தது ஒரே ஓர் இலங்கை. தர்சினி பிறந்தது பழைய நேரத்தில் 4.50. போன் அதைப் புது நேரம் என்று எடுத்து, பிள்ளையை அரை மணித்தியாலம் முந்திப் பிறக்கவைத்திருக்கிறது.

"யோகம், நீர் உவனுக்குப் பழைய நேரம் எண்டு சொல்லேல்லையோ?"

"அவர் நேரம் கேட்டார், சொன்னன். ஊர் கேட்டார், சொன்னன். போனுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சன் அக்கா."

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பஞ்சலிங்கத்தை வரச்சொன்னேன். வந்து கதிரையில் இருந்தான். வயரைச் சரிசெய்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இது உலகம் முழுக்கப் பாவிக்கிறது. லண்டன் நேரம், கனடா நேரம் எல்லாம் தானாகவே பிடிக்கும். வன்னிக்கெண்டு ஒரு நேரம் இருந்ததே?"

"இருந்தது. நீர் அப்ப எங்கை?"

"கொழும்பிலை."

"பேந்தென்ன? நான் அங்கை நிண்டனான். தடை போட்டு, பற்றரிகூட வன்னிக்குள்ளை விடாத காலம். விடுதியிலை இருந்தது சாவி குடுக்கிற மணிக்கூடு. ஒவ்வொரு நாளும் சாவி குடுத்து, சைக்கிள் டைனமோவிலை ரேடியோவைக் கேட்டு நேரம் வைச்சது இந்தக் கைதான்."

"நீங்கள் சொல்லுறியள், ஆனா போனிலை அப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே அக்கா."

"கேக்காது. பதில் கீழை கிடக்குது. உம்மடை பெருவிரலுக்குக் கீழை."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. நேரம் தட்டுகிற இடத்துக்குக் கீழே அந்த வரி இருந்தது. சின்னத் திரையில் எழுத்துப் பலகை எழும்பும்போது அது மறைந்துவிடும். முந்நூறு சாதகம் கணித்தவன் ஒருமுறையாவது கீழே தள்ளிப் பார்த்திருக்கவில்லை. இப்போது தள்ளிப் பார்த்தான். மாற்ற முயன்றான். அது மாறவில்லை. தானாகப் பிடிக்கிற பெருமை பிடித்த சாமான்.

"அஞ்சு இருபது எண்டு போடும்," என்றேன். "பழைய நாலு ஐம்பது, புது நேரத்திலை அஞ்சு இருபது."

போட்டான். முன்பு கும்ப லக்கினம், ஏழில் செவ்வாய். இப்போது மீன லக்கினம், ஆறில் செவ்வாய். ஆறில் இருந்தால் குற்றமில்லை என்று அவனே சொன்னான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றால், அந்தப் போனில் ஒன்றை மூடினால்தான் மற்றதைத் திறக்கலாம். கடைசியில் பிளாஸ்டர் பெட்டியின் மட்டையில், என்னுடைய பேனையால், இரண்டு கட்டங்களையும் நான் கீறினேன்.

தர்சினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவைக்கு உந்தச் சாதகத்தை அனுப்பிவிடுங்கோவன்," என்றாள். அவளுடைய குரலில் நம்பிக்கை இருந்ததா என்று நான் ஆராயவில்லை. இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாள் என்று யோகாம்பிகை அடுத்த முறை சொன்னாள்.

பஞ்சலிங்கம் அங்கேயே இருந்து அனுப்பினான். பத்து நிமிடத்தில் சிவக்கொழுந்து அழைத்தார். போனைச் சத்தமாக வைத்தான், எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, ஏழிலை செவ்வாய் எண்டு அனுப்பினது ஆர்?"

"நான்தான் அம்மா."

"ஆறிலை எண்டு இப்ப அனுப்பினது?"

"அதும் நான்தான்."

"மூண்டு கிழமையிலை செவ்வாய் எழும்பி நடந்ததோ? நான் வேண்டாம் எண்டாப் போலை சாதகம் மாத்துறியளோ? உங்களை நம்பித்தானே ஊரே பிள்ளைகளைக் குடுக்குது!"

அவன் வாயைத் திறக்குமுன் அழைப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். சாதகம் திருத்துகிற தரகர்கள் ஊரில் இல்லையா? பிழையாக அனுப்பியபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. சரியானதை அனுப்பியபோதுதான் கள்ளன் ஆனான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடித்து உடுப்பிட்டிக்குப் போனோம். நானும் அவனும் மட்டும். தர்சினி வரக்கூடாது என்று நானே சொன்னேன். பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்திக் கெஞ்சுகிற வேலை எனக்குச் சரிவராது.

சிவக்கொழுந்து எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்து, தானும் முன்னால் இருந்தார். சயந்தன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"புது நேரம் எனக்குத் தெரியும் அக்கா," என்றார் சிவக்கொழுந்து. "உவனை இருட்டுக்குள்ளைதானே பள்ளிக்கூடம் அனுப்பினனான். வன்னியிலை வேறை எண்டது தெரியாது. ஆனா நீங்கள் அவையின்ரை பக்கத்து ஆள். அவான்ரை காலுக்கு மருந்து கட்டுறனியள். அவைக்காகத்தானே கதைப்பியள்?"

"ஓம். அது சரிதான்," என்றேன்.

"எனக்கு முப்பத்தொரு வயதிலை அவர் செத்துப்போனார். மாமியார் என்ரை சாதகத்தைத்தான் தூக்கி முகத்திலை எறிஞ்சவா. உன்ரை சாதகம்தான் அவனைச் சாகடிச்சது எண்டு இருபது வருஷம் கேட்டனான். நாளைக்கு உவனுக்கு ஒண்டெண்டா, அந்தப் பிள்ளையைப் பாத்து நானும் அதைச் சொல்லுவன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அதுதான் வேண்டாம் எண்டனான்."

இவ்வளவு நேர்மையாக ஒரு மாமியார் கதைத்து நான் கேட்டதில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உங்கடை சொந்தத்திலை அந்தக் காலம் வன்னியிலை பிறந்த பிள்ளை ஆரும் இருக்கோ? கையாலை எழுதின சாதகக் கொப்பியோடை?"

யோசித்தார். தங்கையை முடித்துக் கொடுத்தது கிளிநொச்சிப் பக்கம். தங்கையின் மகன் கஜானன் தொண்ணூற்றொன்பதில் பிறந்தவன். அவனுக்கும் பெண் பார்க்கச் சொல்லிக் கொடுத்த கொப்பி சாமி அறையில் இருந்தது. எடுத்து வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய பழைய கொப்பி. முதல் பக்கத்தில், அங்கத்தைய சாத்திரியார் ஒருவரின் கையெழுத்தில்: பிறந்த நேரம் காலை 7.15, பழைய நேரம். சூரிய உதயத்திலிருந்து நாழிகை 3.

"பழைய நேரம் எண்டு எழுதியிருக்குதுதான்," என்றார் சிவக்கொழுந்து மெல்ல. இத்தனை வருடமும் அந்தச் சொற்களைப் பார்த்தும் அவர் வாசித்திருக்கவில்லை.

"பஞ்சலிங்கம், உந்தப் பிள்ளையின்ரை நேரத்தை உள்ளபடி போடும்," என்றேன்.

போன், மின்சாரம் நாலு வீதம்தான் என்று சிவப்பாகக் காட்டியது. வயர் ஒரு பக்கம் சரித்துப் பிடித்தால்தான் ஏறும். நான் பிடித்துக்கொண்டேன். அவன் விரலை விரித்துத் திரையைப் பெரிதாக்க, எழுத்து வெளியே ஓடியது. சுருக்க, எறும்பானது. சிவக்கொழுந்து கண்ணாடியைத் தேடினார். கடைசியில் சயந்தன் வந்து குனிந்து வாசித்தார். அன்று அவர் செய்த ஒரே உபகாரம் அது.

"நாழிகை ஒண்டு, விநாடி நாப்பத்தைஞ்சு."

"ஒண்டே முக்கால். கொப்பியிலை மூண்டு," என்றார் தாய். விரல்களில் எண்ணினார். "ஒண்டேகால் நாழிகை குறையுது. ஒண்டேகால் நாழிகை எண்டா அரை மணித்தியாலம்."

"இப்ப அரை மணித்தியாலம் கூட்டிப் போடும். ஏழே முக்கால்," என்றேன் நான்.

தட்டினான். சயந்தன் வாசித்தார். "மூண்டு."

பஞ்சலிங்கத்தின் நெற்றி வேர்த்திருந்தது. தன்னுடைய போன் தன் கையில் இருந்துகொண்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிறகு அது அணைந்துபோனது.

"தம்பி, இதைக் கொண்டோ ஊரின்ரை பிள்ளைகளின்ரை தலையெழுத்தைப் பாக்கிறியள்?" என்றார் சிவக்கொழுந்து.

அவன் பற்றரிப் பெட்டியைத் தட்டினான்.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை சொன்னார். நீர்வேலிச் சாத்திரியார் கையால் எழுதித் தரவேண்டும். அவரும் ஆறில் என்று எழுதினால் தனக்குச் சம்மதம். நியாயம். சாத்திரியார் மூன்று நாள் எடுத்தார். "பழைய நேரமோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. செவ்வாயை ஆறில் எழுதினார்.

இடையில் பஞ்சலிங்கத்திடம் கேட்டேன், அந்தப் பத்து வருடத்தில் வன்னியில் பிறந்த பிள்ளைகள் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிக் கணித்திருக்கிறீர் என்று. ஊர் வாரியாகத் தேட அவனுக்கு வழி தெரியவில்லை. பெருவிரலால் தள்ளித் தள்ளி, ஆடுகளுக்கும் தாமரைகளுக்கும் இடையில் பதினொரு பேரைக் கண்டுபிடித்தான். மிச்சத்தைப் போனில் இடம் போதாமல் அழித்துப்போட்டானாம். பதினொரு பேருக்கும் நான் பக்கத்தில் நின்று திருத்தி அனுப்பவைத்தேன். அவர்களில் நிவேதனா என்ற ஒருத்திக்கு முன்பு எட்டில் செவ்வாய் என்று சம்பந்தம் குழம்பியது. திருத்தியபோது செவ்வாய் ஏழுக்கு வந்தது. ஏழும் குற்றமான இடம்தான், அதனால் அவளுக்கு மாற்றம் ஒன்றும் இல்லை. இன்னொருத்திக்குக் குற்றமே இல்லாமல் போனது. ஆனால் அவளை வேண்டாம் என்ற பையனுக்குத் தையில் வேறு இடத்தில் கலியாணம் முடிந்திருந்தது.

"விதி அக்கா," என்றான் பஞ்சலிங்கம்.

"உம்மடை பெருவிரல்," என்றேன்.

ஆவணியில் சண்டிலிப்பாயில் கலியாணம். யோகாம்பிகை புண் காலில் புதுக் கட்டோடு, செருப்பைக் கழற்றாமல் மணவறைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். கழற்றக்கூடாது என்பது என் கட்டளை. ஐயர் முகத்தைச் சுளித்தார், நான் பார்க்காததுபோல இருந்தேன். தாலி கட்டும்போது சிவக்கொழுந்து கண்ணைத் துடைத்தார். தர்சினி நன்றாக நிமிர்ந்து இருந்தாள்.

பந்தியில் எனக்கு இரண்டு கதிரை தள்ளிப் பஞ்சலிங்கம். பக்கத்தில் யாரோ ஒரு தாய், மகளுக்கு இடம் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இலையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். புதுப் போன். முன்னதைவிட ஒரு விரல் பெரிது. கொம்பியூட்டர் இன்னும் இல்லை, பேனையும் இல்லை.

"பிறந்த நேரம் சொல்லுங்கோ. எந்த ஊர்? புதுக்குடியிருப்போ? பழைய நேரமோ, புது நேரமோ?"

அந்தத் தாய் விழித்தாள்.

"இதுதான் அம்மா, ஒருதருக்கும் தெரியாத விசயம்," என்று குரலை இறக்கினான். "சாத்திரிமார் கனபேர் இதிலை பிழை விடுறவை. அரை மணித்தியாலம் பிசகினா லக்கினமே மாறிப்போம். நான் ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சது."

பிறகு நான் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, முகம் சுளிக்காமல், என் பக்கம் திரும்பினான்.

"என்ன அக்கா, சரிதானே? வன்னியிலை அப்ப நேரம் வேறை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்."

நான் பாயாசத்தைக் குடித்து முடித்தேன்.